எல்லையில் பரிசோதனைச் சான்று: கொரோனா காலத்து ஐரோப்பியப் பயண விதிகள், கேள்வியும் பதிலும்

இன்று ஐரோப்பாவுக்குள் நுழைய யாரும் கொரோனா சான்று கேட்பதில்லை. ஆனால் 2020 மார்ச் தொடங்கி ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஒரு தாளில் இருந்த தேதியும் நேரமும்தான் ஒருவர் விமானம் ஏறுவதா வீடு திரும்புவதா என்று முடிவு செய்தன. அப்போது தடுத்து நிறுத்தப்பட்ட பலருக்குக் கிருமித் தொற்றே இல்லை. அவர்களுடைய காகிதம்தான் விதியோடு பொருந்தவில்லை. எது எங்கே பொருந்தாமல் போனது என்பதை இங்கே விரிவாகச் சொல்கிறோம். அடுத்த பெருந்தொற்றில் இதே பொறியமைப்பைத் திரும்ப இயக்குவதற்கான சட்டம் இப்போது ஏட்டில் இருக்கிறது.

இந்த விதிகள் எப்போது வந்தன, எப்போது போயின?

2020 மார்ச் 17 அன்று, அவசியமற்ற பயணங்களுக்கு வெளி எல்லைகளை மூட ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்கள் ஒப்புக்கொண்டார்கள். முதலில் 30 நாளுக்கு என்றுதான் சொன்னார்கள். ஜூன் 30 அன்று, யாரை உள்ளே விடலாம் என்ற பட்டியலோடு ஒரு பரிந்துரை வந்தது. ஒன்றியத்தின் மின்னணு கோவிட் சான்றிதழ் 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் சட்டம் ஓராண்டுக்கென்று போடப்பட்டு, பிறகு 2023 ஜூன் 30 வரை நீட்டிக்கப்பட்டது.

தளர்வு ஒரே நாளில் வரவில்லை. 2022-இல் பிரிட்டன் மார்ச் 18 அன்றும், சுவிட்சர்லாந்து மே 2 அன்றும், பிரான்ஸ் ஆகஸ்ட் 1 அன்றும் கட்டுப்பாடுகளை நீக்கின. ஜெர்மனியும் இத்தாலியும் ஜூன் 1 முதல் நுழைவுக்குச் சான்று கேட்பதை நிறுத்தின. ஸ்பெயின் அக்டோபர் வரை இழுத்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, சீனாவிலிருந்து வருவோருக்கு மட்டும் 2022 டிசம்பர் கடைசியில் இத்தாலியும், 2023 ஜனவரியில் பிரான்ஸ், பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளும் மீண்டும் பரிசோதனை கேட்டன.

ஐரோப்பிய ஒன்றியம் என்றால் எல்லா நாட்டுக்கும் ஒரே விதிதானே?

இல்லை. இப்படி நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். ஒன்றியத்தின் தலைமையகமான பிரசெல்ஸிலிருந்து வந்தவற்றில் பெரும்பாலானவை பரிந்துரைகள். அவற்றை ஏற்பதும் மாற்றுவதும் அந்தந்த நாட்டின் விருப்பம். சான்றிதழ்ச் சட்டம் மட்டும் எல்லோரையும் கட்டுப்படுத்தியது. அதுவும்கூட சான்றிதழை எப்படி வழங்குவது, மற்ற நாட்டுச் சான்றிதழை எப்படி ஏற்பது என்பதைத்தான் சொன்னது. எல்லையில் என்னென்ன கேட்கலாம் என்பதை முழுவதுமாக முடிவு செய்யவில்லை.

நிறப் பட்டியலிலும் இதே குழப்பம். ஐரோப்பிய நோய்த்தடுப்பு மையம் வியாழக்கிழமை தோறும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கருஞ்சிவப்பு என்று வட்டாரங்களுக்கு நிறம் தீட்டிய வரைபடம் வெளியிட்டது. ஜெர்மனி அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருந்தது. 2021 ஆகஸ்ட் முதல் அதில் ‘அதிக ஆபத்துப் பகுதி’, ‘உருமாறிய கிருமிப் பகுதி’ என்று இரண்டே வகைகள். பிரிட்டனின் சிவப்பு, ஆம்பர், பச்சை முற்றிலும் வேறு கணக்கு. ஒரே வாரத்தில் ஒரே நாடு மூன்று பட்டியலில் மூன்று இடத்தில் இருக்க முடிந்தது.

சான்றை உண்மையில் யார் பார்த்தார்கள்?

முதலில் பார்த்தவர் விமான நிறுவனத்தின் செக்-இன் ஊழியர். பயணிகளில் பெரும்பாலோருக்கு முடிவு அங்கேயே எழுதப்பட்டுவிட்டது. தகுதியில்லாத பயணியை ஏற்றி வந்தால் திருப்பி அழைத்துப்போகும் செலவும் அபராதமும் நிறுவனத்தின் தலையில் விழக்கூடும். அதனால் சந்தேகம் வந்தால் ஏற்றாமல் விடுவதே அவர்களுக்குப் பாதுகாப்பு. ‘அங்கே போய் எல்லை அதிகாரியிடம் விளக்கிக்கொள்ளலாம்’ என்ற திட்டம் பலருக்குச் சென்னையிலும் கொழும்பிலும் கவுன்டரிலேயே உடைந்தது.

அந்த ஊழியர் பார்த்தது தன் கணினியில் அந்த நிமிடம் காட்டிய விதியை. நேற்று இரவு மாறிய விதி அதில் ஏறியிருக்காது என்ற ஆபத்து எப்போதும் இருந்தது. போகும் நாட்டின் அரசுத் தளத்தில் உள்ள விதிப் பக்கத்தை, தேதி தெரியும்படி ஆங்கிலத்தில் அச்செடுத்து வைத்திருந்தவர்களுக்குப் பேச ஒரு பிடி இருந்தது.

72 மணி நேரம் என்றார்களே, எதிலிருந்து எதுவரை?

தொடக்கம் எங்கும் ஒன்றுதான்: மூக்கிலிருந்து மாதிரி எடுத்த நேரம். லேப் முடிவு வெளியான நேரம் அல்ல. முடிவு நேரத்தை மட்டும் பெரிதாக அச்சிட்டு, மாதிரி எடுத்த நேரத்தை எழுதாமல் விட்ட அறிக்கைகள் இதனாலேயே நிராகரிக்கப்பட்டன.

எந்த நேரம் வரை எண்ணுவது என்பதில்தான் நாடுகள் வேறுபட்டன. சில நாடுகள் விமானம் புறப்படும் நேரம் வரை எண்ணின, சில தரையிறங்கும் நேரம் வரை. ஒரு கணக்குப் பாருங்கள். ஞாயிறு காலை 9 மணிக்குச் சென்னையில் மாதிரி கொடுக்கிறீர்கள். புதன் அதிகாலை 3:30-க்கு விமானம். அதுவரை ஆனது 66 மணி 30 நிமிடம். வளைகுடாவில் மாறி, பிராங்க்பர்ட்டில் அந்த ஊர் நேரம் பகல் 1 மணிக்கு இறங்குகிறீர்கள். கோடைக்காலத்தில் இது இந்திய நேரம் மாலை 4:30. ஆக மொத்தம் 79 மணி 30 நிமிடம். புறப்பாட்டுக் கணக்கில் இந்தச் சான்று செல்லும், வருகைக் கணக்கில் செல்லாது. ஜெர்மனிக் கடிகாரத்தை மட்டும் பார்த்துக் கழித்தவர்கள் மூன்றரை மணி நேரத்தை, குளிர்காலத்தில் நாலரை மணி நேரத்தைத் தொலைத்தார்கள்.

பிரிட்டன் மணியைப் பார்க்கவில்லை, நாளைப் பார்த்தது. 2021-இல் அங்கே விதி ‘புறப்படுவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள்’. வெள்ளிக்கிழமை கிளம்புபவர் செவ்வாய் எந்த நேரத்தில் மாதிரி கொடுத்திருந்தாலும் சரி. ஒமைக்ரான் வந்தபின் டிசம்பர் 7 முதல் அது 2 நாளாகக் குறைந்தது.

விதி 72 மணி என்றால் 48 மணிக்குள் முடியும்படி திட்டமிடுவதுதான் புத்தி. விமானம் தாமதமாகலாம், லேப் தாமதமாகலாம். அதற்காக மிகவும் நெருக்கி, கிளம்பும் நாள் காலையில் பிசிஆருக்கு (லேபில் கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) மாதிரி கொடுத்தால் முடிவு வராமலே போகலாம். அந்த இடைவெளியைச் சரியாகப் பிடிப்பதுதான் முழு வித்தை.

பிசிஆரா, ஆன்டிஜெனா? வீட்டில் செய்துகொள்ளும் கிட் செல்லுமா?

வீட்டு கிட் எங்கும் செல்லவில்லை. யார் மூக்கில் யார் குச்சியை விட்டார்கள் என்பதற்குச் சாட்சி இல்லை என்பதே காரணம்.

பிசிஆர் எல்லா இடத்திலும் ஏற்கப்பட்டது. கிருமியின் புரதத்தைத் தேடி நிமிடங்களில் முடிவு சொல்லும் ஆன்டிஜென் ரேபிட் டெஸ்டைச் சில நாடுகள் ஏற்றன, ஆனால் குறைந்த ஆயுளோடு. ஒன்றியத்தின் பரிந்துரை பிசிஆருக்கு 72 மணி, ஆன்டிஜெனுக்கு முதலில் 48 மணி, 2022 பிப்ரவரி முதல் 24 மணி. கிருமி அளவு குறைவாக இருக்கும்போது ரேபிட் டெஸ்ட் அதைத் தவறவிடும் என்பதால் இந்த வேறுபாடு. ஒன்றியம் ஒப்புதல் அளித்த ஆன்டிஜென் கிட்களுக்கு ஒரு பொதுப் பட்டியலும் இருந்தது. அதில் இல்லாத கிட்டில் எடுத்த முடிவுக்கு ஒன்றியச் சான்றிதழ் கிடைக்காது.

செலவும் ஒரு விஷயம். பிரான்சில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு இலவசமாக இருந்த பரிசோதனைக்கு 2021 ஜூலை 7 முதல் பிசிஆர் என்றால் 49 யூரோ, ஆன்டிஜென் என்றால் 29 யூரோ வாங்கினார்கள். நான்கு பேர் குடும்பம் பாரிஸிலிருந்து ஊர் திரும்ப, பிசிஆருக்கு மட்டும் 196 யூரோ.

லேப் அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

பாஸ்போர்ட்டில் உள்ள அதே பெயர், முழுப் பிறந்த தேதி, முடிந்தால் பாஸ்போர்ட் எண். எந்த வகைப் பரிசோதனை என்பது வெளிப்படையாக, ‘கோவிட் டெஸ்ட்’ என்று பொதுவாக அல்ல. மாதிரி எடுத்த தேதியும் நேரமும், முடிவு, லேபின் பெயர், முகவரி, தொடர்பு எண். மொழி ஆங்கிலமாக இருந்தால் பெரும்பாலும் போதும். ஜெர்மனி ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ் ஆகிய மொழிகளை ஏற்றது.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்குத் தனிச் சிக்கல். லேபில் ‘கே. சரவணன்’ என்று சொல்லிவிட்டு வருவோம். பாஸ்போர்ட்டில் சரவணன் ஒரு கட்டத்திலும் அப்பா பெயர் கார்த்திகேயன் முழுதாக இன்னொரு கட்டத்திலும் இருக்கும். ஐரோப்பிய ஊழியருக்கு இனிஷியல் என்ற வழக்கமே தெரியாது. அவர் கண்ணுக்கு இது வேறு ஆள். ஆதாரை நீட்டாமல் பாஸ்போர்ட்டை நீட்டி, அதில் இருக்கும் எழுத்துக்கு எழுத்து அப்படியே பதியச் சொல்வதுதான் ஒரே மருந்து. ரசீது போடும்போதே சரிபார்க்க வேண்டும். அறிக்கை வந்தபின் திருத்தக் கேட்டால் அரை நாள் போய்விடும், அந்த அரை நாள் 72 மணியில் கழிந்துவிடும்.

கோவிஷீல்டு போட்டவர்களை ஐரோப்பா ஏற்கவில்லை என்றார்களே?

பாதி உண்மை. ஐரோப்பிய மருந்து முகமை ஒப்புதல் அளித்தது அஸ்ட்ராஜெனகாவின் வேக்ஸ்செவ்ரியாவுக்கு. அதே தடுப்பூசியைப் புனேயில் சீரம் நிறுவனம் கோவிஷீல்டு என்ற பெயரில் தயாரித்தாலும், அந்தத் தயாரிப்புக்கு முகமையின் ஒப்புதல் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அவசரகாலப் பட்டியலில் அது 2021 பிப்ரவரியிலேயே இருந்தது. அந்தப் பட்டியலில் உள்ளவற்றை ஏற்பதா என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்யலாம் என்று விட்டார்கள். ஜூலை தொடக்கத்தில் ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்பெயின், கிரீஸ், சுவிட்சர்லாந்து உள்ளிட்டவை ஏற்றன. பிரான்ஸ் ஜூலை 18 முதல் ஏற்றது. கோவாக்சின் அந்தப் பட்டியலில் ஏறியது 2021 நவம்பர் 3 அன்றுதான். அதுவரை இரண்டு டோஸ் கோவாக்சின் போட்டவர், பெரும்பாலான ஐரோப்பிய எல்லைகளில் தடுப்பூசியே போடாதவராகத்தான் எண்ணப்பட்டார். இலங்கையில் பரவலாகப் போட்ட சினோபார்ம் 2021 மே மாதமே பட்டியலில் இருந்தது, ஆனாலும் நாட்டுக்கு நாடு பதில் மாறியது.

பிரிட்டனில் சண்டை வேறு மாதிரி. செப்டம்பர் 22 அன்று கோவிஷீல்டை ஏற்பதாக அறிவித்தார்கள், ஆனால் இந்தியாவின் சான்றிதழை ஏற்கவில்லை. இந்தியாவின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவின் தந்த சான்றிதழில் முழுப் பிறந்த தேதி இல்லாமல் வயது மட்டும் இருந்தது ஒரு குறை. இந்தியா பதிலுக்கு அக்டோபர் 4 முதல் பிரிட்டனிலிருந்து வருவோருக்குத் தனிமைப்படுத்தல் விதித்தது. அக்டோபர் 11 முதல் பிரிட்டன் இறங்கி வந்தது. கோவினில் பிறந்த தேதியும் பாஸ்போர்ட் எண்ணும் சேர்க்கும் வசதி வந்தபின், பழைய பிடிஎப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பழையதை அச்செடுத்து லேமினேட் செய்து வைத்திருந்தவர்கள் அதையே நீட்டி மாட்டிக்கொண்டார்கள்.

கோவின் சான்றிதழின் க்யூஆர் கோடு ஏன் ஐரோப்பாவில் படிக்கவில்லை?

ஒன்றியத்தின் சான்றிதழில் ஒவ்வொரு நாடும் தன் மின்னணுக் கையெழுத்தைப் போட்டது. அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவிகள் ஒரு பொது நுழைவாயில் வழியாகப் பகிரப்பட்டன. பயணியின் விவரம் அதன் வழியே போகவில்லை. இந்த வலையில் 27 உறுப்பு நாடுகளோடு வெளியிலிருந்தும் பல சேர்ந்து, கடைசியில் மொத்தம் 78 நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் இருந்தன. இந்தியா அதில் இல்லை. எனவே ஸ்கேனர் ‘செல்லாது’ என்று காட்டியதன் பொருள், சான்றிதழ் போலி என்பது அல்ல, சாவி இல்லை என்பதே. எல்லையில் கண்ணால் படித்து ஏற்றுக்கொண்டார்கள். உணவகத்திலும் ரயிலிலும்தான் தொல்லை. ஜெர்மனியில் மருந்துக்கடைகள் வெளிநாட்டுத் தடுப்பூசிச் சான்றைப் பார்த்து ஒன்றிய க்யூஆர் கோடு போட்டுக்கொடுத்தன.

14 நாள், 270 நாள் என்பவை என்ன?

கடைசி டோஸ் போட்டு 14 நாள் கழிந்திருக்க வேண்டும் என்பது கீழ் வரம்பு. மேல் வரம்பு 2022-இல் வந்தது: பூஸ்டர் இல்லையென்றால் முதல் தொகுப்பின் கடைசி டோஸிலிருந்து 270 நாள். ஒன்றியத்துக்குள் பயணத்துக்கு இது பிப்ரவரி 1 முதலும், வெளியிலிருந்து வருவோருக்கான பரிந்துரையில் மார்ச் 1 முதலும் வந்தது. 2021 மே 15 அன்று இரண்டாம் டோஸ் போட்டவருக்கு 270-ஆம் நாள் 2022 பிப்ரவரி 9.

இங்கே இந்தியாவிலிருந்து கிளம்பியவர்களுக்கு நியாயமில்லாத ஒரு பள்ளம் இருந்தது. முன்களப் பணியாளர்களுக்கும் முதியோருக்கும் தவிர மற்ற பெரியவர்களுக்கு முன்னெச்சரிக்கை டோஸ் (பூஸ்டருக்கு இந்தியா வைத்த பெயர்) 2022 ஏப்ரல் 10 அன்றுதான் திறந்தது. முன்கூட்டியே பொறுப்பாகப் போட்டுக்கொண்டவரின் ஊசி மார்ச்சில் காலாவதி, அடுத்த ஊசி போட வழியும் இல்லை. அவர்களுக்கு மிஞ்சியது பிசிஆர், அல்லது 270 நாள் வரம்பைப் பின்பற்றாத நாட்டின் வழியே பயணம்.

கொரோனா வந்து குணமாகிவிட்டது, ஆனால் பிசிஆர் இன்னும் பாசிட்டிவ். என்ன வழி?

குணமானவரின் மூக்கில் கிருமியின் சிதைந்த துண்டுகள் வாரக்கணக்கில் மிஞ்சும். பிசிஆர் அவற்றையும் பிடித்துவிடும். இதற்காகவே மீட்புச் சான்றிதழ் இருந்தது: முதல் பாசிட்டிவ் பிசிஆர் வந்த 11-ஆம் நாள் முதல் 180-ஆம் நாள் வரை செல்லும். அதற்கு அந்த முதல் பாசிட்டிவ் அறிக்கை கையில் இருக்க வேண்டும். வீட்டு கிட்டில் பார்த்து, வீட்டிலேயே கஷாயம் குடித்துத் தேறியவர்களுக்கு இந்தக் கதவு திறக்கவில்லை.

டிரான்சிட்டில் இறங்கி ஏறுபவருக்கும் விதி உண்டா?

பொது விதி: விமான நிலையத்தின் பன்னாட்டுப் பகுதியை விட்டு வெளியேறாவிட்டால் அந்த நாட்டின் நுழைவு விதிகள் பெரும்பாலும் பொருந்தாது. ஆனால் சென்னையிலிருந்து பிராங்க்பர்ட், அங்கிருந்து ரோம் என்று போனால், ஷெங்கன் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) நுழைவு பிராங்க்பர்ட்டிலேயே நடந்துவிடும். அப்போது ஜெர்மனியின் விதி, இத்தாலியின் விதி இரண்டும் பொருந்தும். தனித்தனி டிக்கெட் எடுத்து, பெட்டியை வெளியே எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியவருக்கும் அதுவே நிலை. மலிவு டிக்கெட்டில் மிச்சமான பணம் பல நேரம் இங்கேதான் கரைந்தது.

குழந்தைகளுக்கு?

வெளியிலிருந்து வருவோருக்கான 2022 பரிந்துரைப்படி 6 வயதுக்குக் கீழ் எதுவும் வேண்டாம், 6 முதல் 17 வரை தடுப்பூசி இல்லாவிட்டால் பிசிஆர். ஒன்றியத்துக்குள் விலக்கு 12 வயதுக்குக் கீழ். வயது பயணநாளில் பார்க்கப்பட்டது. பிறந்தநாள் பயணத்தின் நடுவே வந்தால், போகும்போது இல்லாத விதி திரும்பும்போது இருக்கும்.

பயணியர் விவரப் படிவத்தில் என்ன தவறு நடந்தது?

நேரத்துக்கு நிரப்பாததுதான் முதல் தவறு. பிரிட்டனில் வருகைக்கு முந்தைய 48 மணிக்குள், கிரீஸில் வருவதற்கு முந்தைய நாள் இரவுக்குள். பிரிட்டனின் படிவம், இறங்கியபின் இரண்டாம் நாள் செய்யவேண்டிய பரிசோதனைக்குப் பணம் கட்டிய எண்ணைக் கேட்டது. அந்த எண் இல்லாமல் படிவம் முடியாது, படிவம் இல்லாமல் போர்டிங் பாஸ் இல்லை. விமான நிலைய வரிசையில் நின்றபடி கைபேசியில் பரிசோதனை வாங்கியவர்கள், கிடைத்த விலைக்கு வாங்கினார்கள்.

தனிமைப்படுத்தல் நாளை எப்படி எண்ணினார்கள்?

பிரிட்டனில் இறங்கிய நாள் பூஜ்யம். இரண்டாம் நாள், எட்டாம் நாள் பரிசோதனை என்பது அதிலிருந்து எண்ணியது. இறங்கிய நாளையே ஒன்று என்று எண்ணியவர்கள் ஒரு நாள் முன்னதாக வெளியே வந்துவிடும் ஆபத்து இருந்தது. சிவப்புப் பட்டியல் நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு ஓட்டல்தான்: ஒருவருக்கு 1,750 பவுண்டு, 2021 ஆகஸ்ட் 12 முதல் 2,285 பவுண்டு. இந்தியா ஏப்ரல் 23 முதல் ஆகஸ்ட் 8 வரையும், இலங்கை ஜூன் 8 முதல் செப்டம்பர் 22 வரையும் அதில் இருந்தன. இறுதிச் சடங்குக்கு ஊர் போய்த் திரும்பிய லண்டன் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தத் தொகை எவ்வளவு பாரம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஜெர்மனியில், தடுப்பூசி போடாமல் அதிக ஆபத்துப் பகுதியிலிருந்து வந்தால் 10 நாள். ஐந்தாம் நாள் முதல் பரிசோதனை செய்து முடித்துக்கொள்ளலாம். உருமாறிய கிருமிப் பகுதி என்றால் 14 நாள், குறுக்கு வழி இல்லை.

காரிலும் ரயிலிலும் லாரியிலும் கடந்தவர்களுக்கு?

எல்லைக்கு அருகில் வாழ்பவர்களுக்கு விலக்குகள் இருந்தன. பிரான்சில், வீட்டிலிருந்து 30 கிலோமீட்டருக்குள் 24 மணிக்குக் குறைவாகப் போய்வந்தால் பரிசோதனை வேண்டாம். சரக்கு லாரிகளுக்கு 2020 மார்ச்சிலேயே ‘பச்சைத் தடம்’ வகுத்து, எல்லை கடக்க 15 நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது என்று ஐரோப்பிய ஆணையம் சொன்னது. ஆனால் அந்த ஆண்டு டிசம்பர் 20 அன்று, பிரிட்டனில் உருமாறிய கிருமி பரவுவதாகப் பிரான்ஸ் 48 மணிக்கு எல்லையை மூடியதும், கென்ட் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான லாரிகள் கிறிஸ்துமஸ் வரை தேங்கின. பரிசோதனை முடிவோடுதான் திறந்தார்கள். அவ்வளவு ஓட்டுநர்களுக்கும் சாலையோரத்திலேயே பரிசோதிக்க வேண்டியிருந்தது.

விமானத்தில் ஏற்ற மறுத்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?

யார் பக்கம் குறை என்பதைப் பொறுத்தது. விமானப் பயணிகளின் உரிமை பற்றிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, போதிய பயண ஆவணம் இல்லை என்ற நியாயமான காரணத்தால் மறுத்தால் இழப்பீடு கிடையாது. ஆவணம் சரியாக இருந்தும் ஊழியர் விதியைத் தவறாகப் படித்து மறுத்திருந்தால், கோரலாம். அதற்கு மறுப்புக் காரணத்தை அங்கேயே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். விமானத்தை நிறுவனமே ரத்து செய்திருந்தால் டிக்கெட் பணம் முழுதாகத் திரும்ப வேண்டும். வவுச்சரை ஏற்பது பயணியின் விருப்பம், கட்டாயம் அல்ல.

இதெல்லாம் திரும்ப வருமா?

எப்போது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வந்தால், 2020 போலத் தடுமாறாமல் இருக்க ஏற்பாடு உண்டு. 2024 ஜூலை 10 அன்று நடைமுறைக்கு வந்த ஷெங்கன் எல்லைச் சட்டத் திருத்தப்படி, பெரிய அளவிலான பொதுச் சுகாதார நெருக்கடியில் வெளி எல்லைகளுக்கு ஒரே மாதிரியான தற்காலிகக் கட்டுப்பாடுகளை ஒன்றியத்தின் கவுன்சில் விதிக்கலாம். பரிசோதனை, தனிமைப்படுத்தல் இரண்டும் அதில் அடங்கும். இம்முறை அது பரிந்துரை அல்ல, உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும். ஒன்றியக் குடிமக்கள், நீண்டகால வதிவிட உரிமை உள்ளவர்கள், அவர்களுடைய குடும்பத்தினர் ஆகியோருக்கு நுழைவுத் தடை பொருந்தாது, பரிசோதனை பொருந்தலாம். சான்றிதழ்த் தொழில்நுட்பத்தையும் கலைத்துவிடவில்லை. அதை அடிப்படையாகக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தன் வலையமைப்பைத் தொடங்கியது.

பழைய சான்றுகளை அழித்துவிடலாமா?

பரிசோதனை அறிக்கைகளை அழித்துவிடலாம். தடுப்பூசிச் சான்றிதழை, பிறந்த தேதியும் பாஸ்போர்ட் எண்ணும் உள்ள பிரதியாக, கணினியில் ஒன்றும் தாளில் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் சான்றிதழில் இருப்பது பழைய எண். அதனால் பழைய பாஸ்போர்ட்டையும் அதோடு சேர்த்து வையுங்கள்.